சொந்தக் குதிரை தோற்றதற்குக் கைதட்டியவர்

தான் பணம் கட்டிய குதிரை தோற்றதும் தையல்காரர் எழுந்து நின்று கைதட்டினார் என்று தெருவில் பேச்சு. மூளை பிசகிவிட்டது என்றது ஒரு கட்சி. குடி என்றது இன்னொன்று. விசாரித்ததில், கைதட்டியது நிஜம். மற்ற இரண்டும் கிடையாது.

தையல்காரர் பேன்ட் நழுவாமலிருக்கப் பெல்ட்டும் போட்டு, உள்ளே நாடாவும் கட்டிக்கொள்ளும் ஆள். கடையின் அட்வான்ஸை உயர்த்திவிட்டார் கட்டட முதலாளி. திங்கட்கிழமைக்குள் கட்டாவிட்டால் காலி செய்ய வேண்டும். அரும்பாடுபட்டுச் சேர்த்த அந்தப் பணம் சனிக்கிழமை ரேஸ் மைதானத்தில் அவர் சட்டைப்பைக்குள் இருந்தது. வீட்டில் வைத்தால் பத்திரமில்லையாம்.

ஐந்து ரேஸிலும் ஜெயிக்கும் குதிரையைச் சரியாகச் சொன்னால் ஜாக்பாட். நாலு ரேஸ் அவர் சொல்லியபடியே வந்துவிட்டது. ஐந்தாவதில் அவருடையது ஏழாம் நம்பர். அதை மிரட்டக்கூடியவை இரண்டாம் நம்பரும் நாலாம் நம்பரும்தான். பெல்ட் இருக்கிறது, நாடா வேண்டாமா? அட்வான்ஸ் பணத்தை எடுத்து, கூட வந்திருந்த மனைவியின் தம்பி கையில் திணித்தார்.

“பாதி ரெண்டுல, பாதி நாலுல கட்டிடு மாப்ளே. ஏழு வந்தா ஜாக்பாட். அதுங்க வந்தா போட்டது திரும்பிடும். எப்படியும் கடை தப்பிச்சுடும்.”

அவரே போயிருக்கலாம். ஆனால் நாலு ரேஸும் ஒரே படியில் உட்கார்ந்து ஜெயித்தவர், எழுந்தால் ராசி கலைந்துவிடும் என்று பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டார்.

ஏழு கடைசி வளைவுவரை முன்னால் வந்தது. பிறகு அதற்கு என்ன யோசனை வந்ததோ, நாலாம் நம்பர் அதைத் தாண்டிப் போய்விட்டது. சுற்றிலும் தலையில் கை வைத்தவர்களுக்கு நடுவே தையல்காரர் கைதட்டினார். தட்டிக்கொண்டே திரும்பினால், மச்சினன் அழுதுகொண்டிருந்தான்.

“சீட்டு எங்கடா?”

“நம்ம குதிரை ஓடுறப்போ அதுக்கு எதிரா எப்படி மச்சான் கட்டுறது? கை வரல.”

“அப்போ எதுல கட்டினே?”

“ஏழுலதான். மொத்தத்தையும்.”

தட்டிய கை அப்படியே காற்றில் நின்றது. அடிப்பார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் விலகி இடம் விட்டார்கள். அவர் அடிக்கவில்லை. தன் பக்கம் ஒருவன் இவ்வளவு உறுதியாக நிற்பான் என்று அவர் கணக்குப் போட்டதே இல்லை. அதற்கு எதிராக எங்கே போய்ப் பந்தயம் கட்டுவது?

திங்கட்கிழமை தையல் மெஷின் வீட்டுச் சமையலறைக்கு வந்துவிட்டது. இப்போது அடுப்புக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். மனைவி இருவரிடமும் பேசுவதில்லை. மச்சினன் தினமும் வந்து, கேட்காமலே பட்டன் தைத்துக் கொடுக்கிறான்.

அன்று ரேஸ் முடிந்து திரும்பி வருகையில் அவனுக்கும் பஸ் டிக்கெட் எடுத்தவர் தையல்காரர்தான். கடை போனதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை. அந்த டிக்கெட் காசை மட்டும் அவனைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்.

“நாளைக்குத் தந்துடறேன் மச்சான்” என்கிறான் அவன்.