பத்து வருஷக் கியாரண்டி

வீரம்மா மலாயாவில் காப்பார் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் வேலைக்குப் போய் வளர்ந்ததால், தம்புசாமியைக் கட்டிக்கொண்டு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகுதான் கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொண்டாள். தம்புசாமிக்கு ரயில் வருமுன் தண்டவாளத்தை மாற்றிவிடும் வேலை. அவன் நேரத்துக்குப் போயாக வேண்டும். அதனால் இரண்டு மாடு வைத்துப் பால் விற்று, அந்தக் காசில் 1940இல் அவளே ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கினாள்.

கடிகாரக் கடைக்காரர் ஜெயராஜ் வீட்டுக்கு ஆறு வருஷமாக அவள்தான் பால் ஊற்றினாள். கியாரண்டி சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர், “பத்து வருஷத்துக்கு எது கெட்டாலும் என் பொறுப்புக்கா,” என்றார்.

ஜப்பான்காரன் வந்ததும் எல்லாக் கடிகாரமும் தோக்கியோ நேரத்துக்கு மாறவேண்டும் என்று உத்தரவு போட்டான். தம்புசாமி ஸ்டூலில் ஏறி முள்ளை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தான். மூன்றாம் மாதம் ஒருநாள் கடிகாரம் நின்றுபோனது. அதை நம்பியிருந்தவன் அன்று வேலைக்குப் பிந்திப் போனான். ஜப்பானிய மேற்பார்வையாளன் எல்லார் முன்னாலும் அவனை அறைந்தான். வீட்டுக்கு வந்த தம்புசாமி நேரே குளிக்கப் போனான். வீங்கிய காதைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் கடிகாரத்தைச் சேலைத் துணியில் சுற்றி ஜெயராஜ் கடைக்குக் கொண்டுபோனாள். அவர் சீட்டை நிதானமாகப் படித்தார்.

“முள்ளத் திருப்பினது யாருக்கா?”

“வீட்டுக்காரருதான். உத்தரவாச்சே, எல்லாரும்தானே திருப்பினாங்க.”

“இதுல எழுதியிருக்கு பாருங்க. கடைக்காரரைத் தவிர வேற யாரு கை வச்சாலும் கியாரண்டி கிடையாது.”

வீரம்மாவுக்குக் காதில் விழுந்தது மனதில் ஏற நேரம் பிடித்தது. அவர் தலைக்கு மேலே சுவர் நிறையக் கடிகாரங்கள், எல்லாம் தோக்கியோ நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

“உத்தரவுப்படி நடந்தது தப்பா தம்பி?”

“தப்புன்னு நான் சொல்லலையே. கியாரண்டி இல்லன்னுதான் சொல்றேன்.”

“சரி, கூலி தரேன். திறந்தாவது பாருங்க.”

“முடியாதுக்கா. எடுத்துக்கிட்டுப் போங்க.”

சொன்ன வேகம் அவளுக்கு விசித்திரமாக இருந்தது. கூலியை வேண்டாம் என்கிற கடைக்காரரை அவள் பார்த்ததில்லை.

சாலாக் செலாத்தான் பக்கம், எல்லாரும் ‘நானா’ என்று கூப்பிடும் கௌஸ் என்றொருவர் கடை வாசலில் பெட்டி போட்டுக் கடிகாரம் பழுதுபார்த்தார். அங்கே நடந்தே போனாள். அவர் பின்பக்கத்தைத் திறந்து, கண்ணில் கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

“இது எப்ப வாங்கினீங்க?”

“நாப்பதுல, நானா. புதுசா வாங்கினது.”

“புதுசா?” உள் தகட்டை அவள் பக்கம் திருப்பினார். ஊசியால் கீறிய மூன்று எண்கள் தெரிந்தன: 1931, 1934, 1939. “ரிப்பேர் பண்ணா வருஷத்தை உள்ள கீறி வைப்போம். உள்ள இருக்கிற சுருள்வில்லு அப்பவே ஒடைஞ்சு ஒட்டுப் போட்டது, அதுதான் இப்ப விட்டுப்போச்சு. முள்ளத் திருப்பினதால இல்ல. கடைசியா பார்த்தவர் ஜே.ஆர்.னு எழுதியிருக்கார்.”

வீரம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜெயராஜ் வீட்டுப் பிள்ளைக்கு அம்மை போட்டபோது, தன் வீட்டுக்குக்கூட வைக்காமல் பாலை அங்கே கொண்டுபோய் ஊற்றியவள் அவள்.

மறுநாள் காலை ஜெயராஜ் வீட்டுக்குப் பால் போகவில்லை. கடை திறந்ததும் கடிகாரத்தைக் கண்ணாடி மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். உள் தகடு திறந்தே இருந்தது.

“இது யார் எழுத்து?”

இல்லை என்று சாதிப்பார், சத்தம் போடுவார் என்று நினைத்து வந்திருந்தாள். ஜெயராஜ் குனிந்து பார்த்தார்.

“என்னுதுதான். அந்த வருஷம் எட்டு கடிகாரம் இப்படி வித்தேன். யாரும் திரும்பி வரல.”

மழை பெய்தது என்பதுபோலச் சொன்னார். தகட்டில் கீறலைப் பார்த்தபோதுகூட அவளுக்கு இப்படித் தூக்கிவாரிப் போடவில்லை. முகத்தில் வெட்கம் இருக்கிறதா என்று தேடினாள். காணவில்லை.

மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சுவரிலிருந்து ஒரு கடிகாரத்தைக் கழற்றினாள். அவர் தடுக்கவில்லை.

“அதுக்குக் கியாரண்டி கிடையாதுக்கா,” என்றார்.

“வேணாம்.”

வீடு வந்து சேர்ந்ததும் தம்புசாமியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“எட்டுன்னா சொன்னான்?”

அவனுக்கு ஓய்வு கிடைத்த நாளில் இருவரும் ஜெயராஜ் கடையில் வாங்கிய கடிகாரங்களைத் தேடிக் குவார்ட்டர்ஸில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். மூன்று வீட்டுக் கடிகாரங்களுக்குள் அதே இரண்டு எழுத்து இருந்தது. நான்காவது வீட்டு ரமணி கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, தன் வீட்டுக் கடிகாரத்தைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அது ஓடிக்கொண்டிருந்தது.