மாற்று மருத்துவத்துக்கு ஆறு பாடவேளை

தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். சில வருடங்களுக்கு முன் மாற்று மருத்துவம் என்ற பகுதியை என் தலையில் கட்டினார்கள். மொத்தம் ஆறு பாடவேளை. சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி, யோகா, அக்குபஞ்சர் எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும். பாடப் புத்தகத்தில் ஒவ்வொன்றுக்கும் நன்மைகள், தீமைகள் என்று பட்டியல் இருந்தது. எந்த வியாதிக்கு, யாருக்கு நன்மை என்று மட்டும் இல்லை. எழுதியவருக்கும் தெரிந்திருக்காது.

எனக்கு அந்தப் பாடத்தின்மேல் மரியாதையே இல்லை. முதல் வகுப்பில், குற்றாலத்தில் ஒலிபெருக்கி வைத்து வேர் விற்பவரைப் போலப் பேசிக் காட்டினேன். அதை வாங்கித் தின்பவர்களைப் போலவும் நடித்தேன். வகுப்பே சிரித்தது. நன்றாக நடத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது பாடவேளைக்குத் தாளாளர் ஒரு சிறப்பு விருந்தினரை ஏற்பாடு செய்தார். ஐந்தருவிக்குப் போகும் வழியில் மூலிகை நிலையம் வைத்திருப்பவர். அரசு மருத்துவமனையில் முறையாகப் படித்த சித்த மருத்துவர் இருக்கிறாரே, அவரைக் கூப்பிடலாமே என்றேன்.

“அவரு நல்ல மனுசன்தான் மேடம். ஆனா பேச வராதே. இவரு மைக்க பிடிச்சா கூட்டம் அசையாதுல்லா” என்றார் தாளாளர்.

வந்தவரின் அட்டையில் டாக்டர் என்று பெரிதாக அச்சடித்திருந்தது. என்ன படிப்பு என்று இல்லை. சர்க்கரை நோயில் கணையம் தூங்குகிறதாம், அவருடைய பொடி அதைத் தட்டி எழுப்புமாம். கணையத்தைப் பற்றி முதல் ஆண்டிலேயே என்னிடம் படித்த மாணவிகள் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

“பொடியில என்னென்ன சேருது?” என்று கேட்டேன்.

“அது சித்தர் ரகசியம் மேடம். உங்க மாத்திரைக் கம்பெனிக்காரன் சொல்லுவானா?”

“மாத்திரை அட்டையிலயே அச்சடிச்சிருப்பான்” என்றேன். மாணவிகள் சிரித்தார்கள். தாளாளர் சிரிக்கவில்லை.

அப்போது வாசுதேவநல்லூர்ப் பெண் ஒருத்தி எழுந்தாள். மூன்றாம் ஆண்டு மாணவி, அதிகம் பேசாதவள். “சார், எங்க அப்பா உங்க பொடிதான் சாப்பிடுதாரு. ஆஸ்பத்திரி மாத்திரையும் சேத்துச் சாப்பிடலாமா?”

“தாராளமா. கொஞ்ச நாள்ல மாத்திரை தானா நின்னுரும்” என்றார் அவர். நான் மறுத்திருக்க வேண்டும். உதட்டைச் சுழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நன்றியுரை தொடங்கிவிட்டது.

அடுத்த வாரம் அவளுடைய அப்பா வயலில் மயங்கி விழுந்தார். எங்கள் மாணவிகள் பயிற்சிக்குப் போகும் தென்காசி மருத்துவமனையில்தான் சேர்த்திருந்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றினால் ஏறியது, சற்று நேரத்தில் மறுபடி இறங்கியது. வேறு ஏதாவது மருந்து உண்டா என்று டாக்டர் கேட்டார், நர்ஸ் கேட்டார். நினைவு திரும்பியிருந்த அப்பா ஒன்றும் இல்லை என்றார். பொடி விஷயம் தெரிந்த நானும், அவர் வாயாலேயே வரட்டும் என்று போய், பரீட்சை அறையில் துண்டுச்சீட்டைப் பிடித்த தோரணையில் கேட்டேன். எனக்கும் அதே பதில்தான்.

கடைசியில் மகள் வீட்டிலிருந்து பொடி டப்பாவோடு வந்தாள். “ஏம்ப்பா சொல்லல?”

“சொன்னா ஏசுவாங்கட்டி. போன தடவ ஒரு டாக்டரம்மா எல்லாரு முன்னாலயும் சிரிச்சுட்டாங்க.”

டப்பாவைப் பார்த்த டாக்டர், “இதுல சர்க்கரை மாத்திரையவே அரைச்சுக் கலந்திருப்பாங்கன்னு சந்தேகமா இருக்கு” என்றார். அப்படியானால் மனிதர் இரட்டிப்பு மாத்திரை தின்றுகொண்டிருந்திருக்கிறார்.

வராந்தாவில் அந்தப் பெண் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். “மேடம், நீங்களும் முத கிளாஸ்ல நடிச்சுக் காட்டி அப்படித்தான் சிரிச்சீங்க. அன்னைக்கே அப்பாவப் பத்தி உங்ககிட்ட கேக்கணும்னு வந்தேன். பெறகு கேக்கத் தோணல. அதான் அந்தப் பொடிக்காரருட்ட கேட்டேன்.”

ஊரிலுள்ள மோசடிக்காரர்களை எல்லாம் எளிதாக வெறுத்துவிடுகிறேன். அவர்களிடம் ஆள் அனுப்புகிறவர்களில் நானும் ஒருத்தி என்று அதுவரை தோன்றியதில்லை.

மூன்றாம் நாள் அவளுடைய அப்பா தேறி வீட்டுக்குப் போனார். பொடிக்காரருக்கு போன் செய்தேன். “பத்தியம் இருந்திருக்க மாட்டாரு” என்று வைத்துவிட்டார். மருத்துவமனை டாக்டர் மேலதிகாரிகளுக்குப் புகார் எழுதினார். என்ன ஆயிற்றென்று இன்றுவரை தெரியாது. தாளாளருக்கு ஒரே கவலைதான்: “நம்ம காலேஜ் பேரு வெளிய வந்துராம பாத்துக்கோங்க.”

மீதியிருந்த இரண்டு பாடவேளைக்குப் புத்தகத்தை எடுக்கவில்லை. ஒருத்தி நோயாளி, ஒருத்தி நர்ஸ். திட்டாமல், சிரிக்காமல் கேட்டு, என்ன சாப்பிடுகிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். வாசுதேவநல்லூர்ப் பெண் தன் அப்பாவாக உட்கார்ந்தாள். முதலில் நானே கேட்டேன். ஒன்றும் இல்லை என்றாள். நான்காவதாகப் போன மாணவி ஸ்டூலை இழுத்துப் போட்டு, வயலில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று ஆரம்பித்தாள். பொடி வெளியே வந்தது.

பரீட்சையில் வழக்கம்போல நன்மைகளை எழுதச் சொல்லித்தான் கேள்வி வந்தது. எழுதினார்கள், மதிப்பெண் போட்டேன்.

அந்த வருடக் கல்லூரி விழாவில் பொடிக்காரருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் கைதட்டவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த மருந்தியல் ஆசிரியை பலமாகத் தட்டினார். இடுப்பு வலிக்கு அவரிடம்தான் எண்ணெய் வாங்குகிறாராம்.