சோபாவில் வைத்துப் பிரித்த ரேம்

எங்கள் வெள்ளவத்தை வீட்டுச் சோபாவுக்கு வாங்கிய நாளிலிருந்து பொலித்தீன் உறை போட்டே இருந்தது. கடையில் சுற்றித் தந்ததைக் கழற்றக் கூடாது என்பது என் சட்டம். ஊத்தை படும், கடற்காற்றுக்குத் துணி பழுதாகும் என்று காரணமும் வைத்திருந்தேன். எங்கள் மாடிக் கட்டடத்தில் பாதி வீடுகளில் இதே சட்டம்தான். வந்தவர்கள் எழும்பும்போது உறையும் ஒட்டிக்கொண்டு கூடவே எழும்பும்.

என் மனைவி வீட்டிலிருந்தே ஒன்லைனில் கணக்குப் படிப்பிப்பவள். வகுப்பின் நடுவில் கணினி அடிக்கடி இறுகி நின்றுவிட, பிள்ளைகள் ஒவ்வொருவராக வேறு வகுப்புக்குப் போகத் தொடங்கினார்கள். கணினியின் நினைவகமான ரேமைக் கூட்டினால் சரிவரும் என்றார்கள். பம்பலப்பிட்டிக் கடையொன்றில் வாங்கினேன். கணினிக்குள் பூட்டித் தரட்டுமா என்று கடைக்காரர் கேட்டபோது, இதென்ன பெரிய வேலை என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய் எனக்கு எப்போதும் கொஞ்சம் நீளம்.

ஞாயிற்றுக்கிழமை ஏசியைப் போட்டுவிட்டுச் சோபாவில் அமர்ந்தேன். பையைப் பிரித்து ரேமைப் பக்கத்திலேயே பொலித்தீன்மேல் வைத்தேன். திருப்புளி தேடி இரண்டு தரம் எழும்பிப் போய் வந்தேன். அதற்குள் நைலோன் ஹவுஸ்கோட்டோடு வந்த மனைவி அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“இந்தச் சின்னச் சாமானுக்கோ இவ்வளவு பாடு?” என்று சிரித்துவிட்டுத் தந்தாள்.

பூட்டி முடித்து சுவிட்சைப் போட்டேன். மூன்று தரம் பீப் சத்தம், கறுத்த திரை. புதியதைக் கழற்றிப் பழைய ரேமை மட்டும் விட்டால் வேலை செய்தது. எனக்குக் கோபம் மூக்கின்மேல் வந்தது.

“நைலோன் உடுப்போட ஆர் உம்மைத் தொடச் சொன்னது? உம்மட உடம்புக் கரண்ட் பாய்ஞ்சு செத்துப்போச்சு.”

அன்றிலிருந்து அவள் கணினியைத் தன் கையால் திறக்கவும் மாட்டாள். வகுப்பு நேரம் வந்தால் கதவடியில் நின்று, “ஒருக்கா வந்து போட்டு விடுங்கோ” என்பாள். அந்த மரியாதை எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. மன்னிப்புக் கேட்க மனம் வந்தது, வாய் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை ரேமைக் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் கொடுத்தேன். பூட்டிப் பார்த்துவிட்டு, செத்துப்போச்சு என்று தலையாட்டினார்.

“எங்க இருந்து பூட்டினீங்கள்?”

“சோபாவில.”

“துணிச் சோபாவோ?”

“பொலித்தீன் போட்டிருக்கு.”

அவர் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். “ஏசி அறையில அதில இருந்து எழும்பினாலே காணும், உடம்பில நிலைமின் ஏறி, தொட்டவுடன ரேமுக்குள்ள பாயும். மேசையில வைச்சுச் செய்யுங்கோ. பையைக் கடைசியாத்தான் பிரிக்க வேணும். தொட முதல் கேசிங்கின்ர, இந்தக் கணினிப் பெட்டியின்ர, வெறும் இரும்பைத் தொடுங்கோ, அது இறங்கீடும், பிறகு ரேமை விளிம்பில பிடியுங்கோ.”

“வீட்டில ஒராள் நைலோன் உடுப்போட தொட்டவ,” என்றேன். விடமாட்டேன் பாருங்கள்.

“அதாலயும் இருக்கலாம். இதில காயம் ஒண்டும் தெரியாது. ஆராலை எண்டு ஒருத்தராலும் சொல்லேலாது.”

ஒருவராலும் சொல்ல முடியாததை நான் ஒரு நொடியில் சொல்லியிருந்தேன். இன்னொரு புது ரேமை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் நின்றபடி வந்தபோது என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “என்னாலதான் இருக்கும். உம்மைப் பேசினது பிழை. இதை நீரே பூட்டும்.”

நான் கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைக்க, அவள் ரேமைப் பையோடு எடுத்து வந்தாள். பெட்டியின் இரும்பைத் தொட்டாள். பையைப் பிரித்து விளிம்பில் பிடித்து, இரு முனையையும் பெருவிரல்களால் அழுத்தினாள். டிக் என்று இறங்கியது. ஒரு வாரத்துக்குப் பிறகு சுவிட்சையும் அவளே போட்டாள். திரை வெளிச்சமானது.

அதைப் பார்த்தபடியே சொன்னாள்.

“இனி அந்தச் சோபா உறையையும் கழற்றுங்கோ. ஆறு வருஷமா அதில வேர்த்து வேர்த்து இருக்கிறன். ஒரு ரேம் செத்தாப் பிறகுதான் உங்களுக்கு அது பிழையெண்டு விளங்கியிருக்கு.”

நான் கத்தரிக்கோலைத் தேடிப் போனேன்.