நான் பாஸ் ஆன கண்ணீர்ப் பரீட்சை

போன மாதம் ஒரு பரீட்சையில் பாஸ் ஆனேன். கண்ணீர்ப் பரீட்சை.

சிரிக்காதீர்கள்... நிஜமாகவே அப்படி ஒன்று இருக்கிறது. கீழ் இமைக்குள் சின்னக் காகிதப் பட்டை ஒன்றைச் செருகி, கண்ணை மூடி உட்காரச் சொல்கிறார்கள். ஐந்து நிமிடம். கண்ணீர் அதில் எவ்வளவு தூரம் ஊறி இறங்குகிறது என்று பார்க்கிறார்கள். கண்ணுக்கு லேசர் சிகிச்சை செய்து மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் போட நினைத்தேன். அதற்கான சோதனைகளில் இதுவும் ஒன்று.

எனக்கு ஏன் இந்த ஆசை? அழகுக்காக இல்லை. பயத்தினால்.

எங்கள் மலைக் கிராமமான புதூர்நாட்டின் சந்தையில் ஒரு நாள், இடுப்பில் இருந்த மகள் யாழினி என் கண்ணாடியைப் பிடுங்கிக் கீழே போட்டாள். மூன்று வயது. அவளை இறக்கிவிட்டுக் குனிந்து துழாவினேன். அதற்குள் யாரோ அதன் மேல் கால் வைத்துவிட்டார்கள். நிமிர்ந்தால்... பிள்ளையைக் காணோம்.

எனக்கு மைனஸ் ஏழு. கண்ணாடி இல்லையென்றால் சந்தை வெறும் வண்ணக் குழம்பு. மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். எங்கே பார்த்தாலும் மஞ்சள்... வாழைப்பழம், பலாச்சுளை, யாருடைய துண்டோ ஒன்று. "யாழினீ!" என்று கத்தியபடி ஒரு வாழைத்தாரை நோக்கி ஓடியிருக்கிறேன். இரண்டு நிமிடம் இருக்கும். வாயில் பலாச்சுளையோடு அவளே வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

அந்த இரண்டு நிமிடம் எனக்கு இன்னும் முடியவில்லை.

அன்றே முடிவு செய்துவிட்டேன். லேசர்தான்!

ஒரே ஒரு சிக்கல். எனக்குக் கண் வறளும். எழுத்து வேலை, நாளெல்லாம் லேப்டாப். சாயங்காலம் ஆனால் இமைக்குள் மண் போட்டதுபோல் உறுத்தும். மருந்துக் கடையில் வாங்கிய சொட்டு பாட்டில் எப்போதும் கைப்பையில் இருக்கும். வறண்ட கண்ணுக்கு லேசர் செய்யலாமா? இணையத்தில் தேடினேன். ஒரு பக்கம் தாராளமாகச் செய்யலாம் என்றது. இன்னொன்று கிட்டேயே போகாதே என்றது. மூன்றாவதைத் திறப்பதற்குள் கண் எரிந்தது.

"படிச்சது போதும். போய் டாக்டரையே கேளு" என்றார் என் கணவர் செந்தில். இங்கே பள்ளி ஆசிரியர்.

கேட்கத்தான் வேலூருக்குக் கிளம்பினேன். காலை ஜீப்பில் பக்கத்து வீட்டுக் குப்பம்மாக்காவும் ஏறினார். பீரோ வாசனை அடிக்கும் பச்சைப் புடவை, தலை நிறைய மல்லிகை.

"இன்னாக்கா, கல்யாணத்துக்கா?"

"திருப்பத்தூர் ஆசுபத்திரிக்கு, டீச்சரம்மா. முட்டி வலி." (டீச்சர் என் கணவர். பட்டம் எனக்கு.) "அதுக்குன்னு டாக்டர் முன்னால பரட்டத் தலையோடவா போய் நிப்பாங்க?"

நியாயம்தானே? நானும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

ஜீப்பில் தூசியும் காற்றும் முகத்தில் அடித்தன. கண் சிவந்து போய் நின்றால் டாக்டர் என்ன நினைப்பார்? மலை இறங்கியதும் ஒரு சொட்டு. வேலூர் பஸ்ஸில் ஒரு சொட்டு. கடைசியாக, கண் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் நின்று, கண்ணுக்கு இரண்டிரண்டாக.

உள்ளே ஒரு பெண் படிவத்தை நிரப்பினாள். "ரெகுலரா ஏதாவது மருந்து போடறீங்களா மேடம்?"

"இல்லம்மா."

பொய் சொல்லவில்லை... சத்தியமாக. அது தண்ணீர் மாதிரிதானே இருக்கிறது? அதை நான் மருந்தாகவே நினைத்ததில்லை.

பட்டை நன்றாக நனைந்தது. மற்ற சோதனைகளும் சரியாக இருந்தன. டாக்டரம்மா அடுத்த மாதத்தில் ஒரு தேதி கொடுத்தார். மார்க் ஷீட்டோடு வரும் பிள்ளை மாதிரி திரும்பி வந்தேன்.

மாலை ஜீப்பில் மறுபடியும் குப்பம்மாக்கா. மல்லிகை வாடியிருந்தது. ஒரு காலை நீட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா சொன்னாங்க?"

"ஒண்ணியும் இல்லன்னுட்டாரு! நடந்து காட்டச் சொன்னாரு. காத்தாலயே ஒத்தடம் குடுத்து, தைலம் தேச்சி, வலி மாத்திரை வேற போட்டுக்கினு தான போனேன்? விறுவிறுன்னு நடந்து காட்டிட்டேன். நல்லாதான கீறீங்க, போங்கன்னுட்டாரு."

"இப்ப?"

"இப்ப கால ஊன முடியல."

விழுந்து விழுந்து சிரித்தேன். "வலிய வூட்லயே வுட்டுட்டுப் போனா, டாக்டர் எதக்கா பாப்பாரு?"

கேட்டு வாய் மூடவில்லை. கைப்பைக்குள் என் விரல்கள் சொட்டு பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தன. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

பட்டையில் ஊறியது யாருடைய கண்ணீர்? என்னுடையதா... பாட்டிலுடையதா?

விருந்தாளி வந்தால் வீட்டைப் பெருக்குகிறோம். அதிகாரி வந்தால் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை அடிக்கிறோம். அதே பழக்கத்தில் நோயையும் குளிப்பாட்டி, தலை வாரி, பொட்டு வைத்து டாக்டரிடம் அழைத்துப் போகிறோம். அவரும் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்று அனுப்பிவிடுகிறார். யாரைக் குற்றம் சொல்ல?

வீட்டில் சொன்னேன். செந்தில் சிரித்தார். "பாஸ் ஆன பரீட்சைய யாராவது திரும்ப எழுதுவாங்களா?"

இரண்டு நாள் தடுமாறினேன். சொன்னால் தேதி போய்விடும். என்னைப் பார்த்துக்கொள்ள அம்மா வருவதாகச் சொல்லியாயிற்று. அதைவிட, படித்த பெண் இப்படிச் செய்வாளா என்று டாக்டர் நினைப்பாரே? சொல்லாமல் விட்டால்... அந்தச் சந்தையும் மஞ்சள் கவுனும் மறுபடி கண் முன்னால் வந்தன. பிள்ளையைப் பார்க்கத்தானே இந்தக் கண்? இதில் என்ன வெட்கம்?

போன் செய்துவிட்டேன்.

"எத்தன வாட்டி போட்டீங்க?" டாக்டரம்மா.

"மூணு வாட்டி மேடம். கடைசியா... உங்க படிக்கட்டுல."

சிரித்துவிட்டார். "எந்தச் சொட்டும் போடாம வாங்க. திரும்பப் பாத்துடலாம்."

போன செவ்வாய்க்கிழமை போனேன். பாட்டிலை வேண்டுமென்றே வீட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். ஐந்து நிமிடம் முடிந்து பட்டையை எடுத்தார்கள். நுனி மட்டும் நனைந்திருந்தது. அவ்வளவுதான்.

"நல்லவேளை சொன்னீங்க" என்றார் டாக்டரம்மா. "லேசர் பண்ணா நிறைய பேருக்குக் கொஞ்ச நாளைக்குக் கண்ணு வறளும். ஏற்கெனவே இவ்ளோ வறட்சியோட பண்ணியிருந்தா ரொம்ப அவதிப்பட்டிருப்பீங்க. மொதல்ல வறட்சிய சரி பண்ணுவோம். மூணு மாசம் கழிச்சு இதே பட்டைய வெச்சுப் பாப்போம். அப்பவும் இப்படியே இருந்தா, கண்ணாடியே போதும்னு நானே சொல்லிடுவேன்."

வேறு சொட்டு மருந்து, இமைக்கு வெதுவெதுப்பான ஒத்தடம், திரையைப் பார்க்கும்போது மறக்காமல் கண் சிமிட்டல். இவ்வளவுதான் இப்போதைக்கு. வரும் வழியில் கண்ணாடிக்கு ஒரு கயிறு வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். யாழினி பிடுங்கினாலும் இனி என் நெஞ்சோடுதான் கிடக்கும். மாற்றுக் கண்ணாடி ஒன்றுக்கும் ஆர்டர் கொடுத்தாயிற்று. லேசர் வரட்டும், வராமலும் போகட்டும். அடுத்த சந்தைக்கு நான் தயார்!

மாலை ஜீப்பில் குப்பம்மாக்கா. அதே பச்சைப் புடவைதான், ஆனால் பூ இல்லை. தைல வாசனையும் இல்லை. நான் சொன்னதைக் கேட்டு அவரும் மறுபடி போய் வந்திருக்கிறார்.

"இன்னா ஆச்சி டீச்சரம்மா?"

"ஃபெயில்க்கா!"

"நானுந்தாம்மா! நொண்டிக்கினே போய் நின்னேன். முட்டி தேஞ்சிருக்குதாம். இப்பதான் மருந்தே எழுதிக் குடுத்தாரு!"

ஃபெயில் ஆன இரண்டு பேரும் மலை ஏறி முடிக்கும்வரை சிரித்துக்கொண்டே வந்தோம். சிரித்துச் சிரித்து என் இரண்டு கண்ணிலும் பொலபொலவென்று தண்ணீர்...

பட்டை வைக்காத நேரமாகப் பார்த்து!