இரண்டாம் சரணம்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் சபை கூடிய இடம் அதற்கு முன்பு ஆயாக் கொட்டகையாக இருந்தது. பால்வெட்டுக்குப் போகும் பெண்கள் விடியுமுன்பே கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப்போன கொட்டகை. புதியது கட்டியதும் பழையதை எங்களுக்குத் தந்துவிட்டார்கள். தூளி கட்டிய இரும்புக் கொக்கிகளை மட்டும் யாரும் கழற்றவில்லை. உத்தரத்திலிருந்து அவை தொங்க, அவற்றின் கீழே பாய் விரித்து, ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக உட்காருவோம். சன்னலில் ஈப்போ நகரத்துச் சுண்ணாம்பு மலை தெரியும். மழை வந்துவிட்டால் மலையும் தெரியாது, தகரக்கூரைச் சத்தத்தில் பிரசங்கமும் கேட்காது. அப்போது அப்பா வேதப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சும்மா உட்காருவார். எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்போம். யாரும் எழுந்து வீட்டுக்குப் போனதில்லை.

ஈப்போவிலிருந்து போதகர் மோட்டார் சைக்கிளில் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் அப்பாதான் வாசிப்பார். ரப்பர் ஆலையில் புகையோடு புகையாக நின்ற மனிதர் அன்றைக்கு மட்டும் வெள்ளைச் சட்டையில் வேறு யாரோபோல் இருப்பார். பாட்டுக்கு அத்தை. அப்பாவின் தங்கை. சபையில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. அத்தை ஓர் அடியைச் சொல்லி விடுவாள், கூட்டம் அதைப் பிடித்து இழுத்துப் பாடும். அடுத்த அடியைச் சொல்வாள், அதையும் பிடிக்கும். கூரைக்கு ஓடு கை மாற்றுவதைப்போல அவ்வளவு சுலபமாக நடக்கும்.

அத்தைக்கு ஒரே மகன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவன். அதனால் அத்தை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, ‘மருமவளே’தான். பள்ளி விடுமுறையில் ஒரு நாள் அவன் தோட்டத்து எல்லை தாண்டி, ஈயம் தோண்டி விட்டுப்போன பழைய குட்டைக்குக் குளிக்கப் போனான். பச்சைக் கண்ணாடியைப்போல அசையாமல் கிடக்கும் தண்ணீர் அது. அவனைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

அதன்பின் அத்தை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

சபைக்கும் வரவில்லை. அம்மா ஒரு ஞாயிறு காலையில் அத்தையின் லயத்து வீட்டு வாசலில் போய் நின்றாள். நான் அம்மாவின் சாரோங்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“எனக்கு இப்ப ஒண்ணும் நம்பிக்கை இல்ல, அண்ணி. நம்பாம வந்து குந்துனா பொய் இல்லியா?”

“நம்புறதை நாங்க பாத்துக்கிறோம் லா. நீ வந்து குந்து, போதும்.”

“பாட மாட்டேன்.”

“யாரு பாடச் சொன்னா? எந்திரி.”

வந்தாள். பெண்கள் பக்கத்துத் தூணில் சாய்ந்து, வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆராதனை தொடங்குவது எப்போதும் ஒரே பாட்டில்தான். பல்லவியும் முதல் சரணமும் சபைக்குத் தண்ணீர்பட்ட பாடு. பாடி முடித்தார்கள். பிறகு நிறுத்தினார்கள். இரண்டாம் சரணத்தின் அடிக்காகக் காத்திருந்தார்கள். வெளியே சேவல் கூவியது. அப்பா கண்களை மூடிக்கொண்டார். அத்தை தரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து எல்லோரும் பல்லவிக்கே திரும்பி, முதல் சரணத்தை இன்னொரு தடவை பாடி முடித்தார்கள்.

அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும். போதகர் வந்த அன்று அப்பாவிடம் கேட்டார்: “என்ன, ஒரே சரணத்தோடு நிறுத்திட்டீங்க?”

“எடுத்துக் குடுக்கிறவங்க இன்னும் எடுத்துக் குடுக்கலைங்க, ஐயா.”

போதகர் தூணின் பக்கம் ஒருமுறை பார்த்தார். அதற்குப் பிறகு அவர் வரும் ஞாயிறுகளிலும் முதல் சரணம்தான், இரண்டு தடவை.

எனக்குத்தான் மானம் போயிற்று. பொதுக்குழாயடியில் பக்கத்து லயத்து அக்கா குடத்தை வைத்துக்கொண்டே கேட்பாள்: “ஏய், உங்க சாமிக்கு மொத்தமே அவ்ளோதான் பாட்டா? நாங்களே மனப்பாடம் பண்ணிட்டோம் லா!” குழாயடியே சிரிக்கும். பள்ளிக்கூடத்தில் பையன்கள் பல்லவியைப் பாடி, நிறுத்தி, தலையைச் சொறிந்து காட்டுவார்கள். பெரியவர்கள் இத்தனை பேர் இருந்து ஒரு பாட்டை மறந்துவிட்டார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் எரியும். நானோ வகுப்பில் வாசிப்பதில் முதல் ஆள்.

இப்படி இருக்கும்போது ஒரு வாரம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னாள். ஈப்போவில் ஒரு சீனர் வீட்டில் சமையல் வேலை கிடைத்திருக்கிறதாம்.

“அங்க போயிட்டா இந்த வம்பெல்லாம் வேணாம், அண்ணி. சபையும் வேணாம், ஒண்ணும் வேணாம். இந்த ஞாயித்துக்கெழமை கடைசி.”

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கல்லே இல்லாத அரிசியில் நெடுநேரம் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிறு பாட்டுப் புத்தகத்தைப் பாவாடை மடிப்பில் வைத்துக்கொண்டு போனேன். இரண்டாம் சரணத்தை எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் சொல்லப் பழகியிருந்தேன். ஆழமான தண்ணீர் தலைக்குமேல் மூடும்போதும் விடாமல் பிடித்திருக்கும் ஒரு கையைப் பற்றிய சரணம் அது. அதன் ஒவ்வோர் எழுத்தும் எனக்குத் தெரியும். எழுத்து மட்டும்.

பல்லவி முடிந்தது. முதல் சரணம் முடிந்தது. அந்த இடைவெளி வந்தது. நான் எழுந்து நின்று, கொட்டகை அதிர, அந்த அடியைச் சொன்னேன்.

ஒருவரும் பிடிக்கவில்லை.

அம்மாவின் நகம் என் கையில் இறங்கியது. ஆண்கள் பக்கம் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். நான் சொன்ன அடி மேலே போய் ஒரு கொக்கியில் மாட்டிக்கொண்டு, இறங்க வழியில்லாமல் ஆடுவதைப்போல இருந்தது. சரியாகத்தானே சொன்னேன்? கண் நிறைந்துவிட்டது. உட்காரவும் தோன்றவில்லை.

தூணருகிலிருந்து ஒரு குரல் வந்தது. எண்ணெய் காணாத கதவுபோன்ற குரல். நான் சொன்ன அதே அடி. ‘தண்ணீர்’ வரைக்கும் வந்து நின்றது. மறுபடி முதலிலிருந்து தொடங்கியது; இந்தத் தடவை அந்தச் சொல்லைத் தாண்டியது.

கூட்டம் பிடித்துக்கொண்டது. ஆனால் நன்றாகப் பாடவில்லை. அங்கங்கே குரல் உடைந்தது. அப்பா மலையைப் பார்ப்பதைப்போல சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடி அடியாக அத்தை அந்த ஒரு சரணத்தை முடித்தாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. எல்லோரும் அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். நான் சொன்னபோது வாய் திறக்காதவர்கள் அத்தை சொன்னால் மட்டும் பாடுகிறார்கள்! கூட்டம் கலைந்தபின் கொடுத்த கோப்பியைத் தொடாமல் படியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிஸ்கோத்தை என் கோப்பியில் தோய்த்து நீட்டினாள்.

“என்ன மருமவளே, கோவமா?”

“நான்தானே மொதல்ல சொன்னேன்?”

“ஆமா லா. நீதான் மொதல்ல சொன்னே.”

அத்தை ஈப்போவுக்குப் போனாள்தான். ஆனால் ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் வந்து அந்தத் தூணில் சாய்ந்துகொள்வாள். சில வாரம் எடுத்துக் கொடுப்பாள், சில வாரம் மாட்டாள். நம்பிக்கை திரும்பிவிட்டதா என்று அவளை யாரும் கேட்டதாக நினைவில்லை. தோட்டம் துண்டாகி விற்கப்பட்டு, பாய் விரிக்க ஆளில்லாமல் போகும்வரை வந்தாள்.

நான் அந்த அடியைச் சொன்ன ஞாயிறுக்கு மறுநாள், குழாயடியில் அந்த அக்காவிடம் தலையை நிமிர்த்திச் சொன்னேன்: “இனி எங்களுக்கு ரெண்டாவதும் தெரியும். நான்தான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன்.” நெடுங்காலம் அப்படித்தான் நம்பிக்கொண்டும் இருந்தேன். வாராவாரம் வேதப்புத்தகத்தை விரித்து வாசிக்கிற அப்பாவுக்குப் பாட்டுப் புத்தகமும் வாசிக்க வரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

குடத்தோடு வீட்டுக்கு வந்தபோது, எழுத்தறியாத என் அம்மா பின்கட்டில் சட்டி தேய்த்தபடி பாடிக்கொண்டிருந்தாள். இரண்டாம் சரணம் முடிந்தது. எங்கும் தயங்காமல் மூன்றாவதற்குப் போனாள், அதிலிருந்து நான்காவதற்கு. பரவாயில்லை, அம்மாவும் சீக்கிரம் கற்றுக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவதை நான் இன்னும் சொல்லிக் கொடுத்திருக்கவே இல்லை.