அப்பாவுக்கு மூன்று ஆங்கிலப் பெயர்கள்

நேற்று சிங்கப்பூரின் தேக்கா பகுதியில் ரயில் நிலையப் படியேறி வந்தபோது எங்கிருந்தோ பட்டாணி வறுக்கும் வாசனை வர, கால் தானாக நின்றது.

அந்தத் தெருவில் முன்பு ஒரு திரையரங்கு இருந்தது. அதன் வாசலில்தான் அப்பாவின் கச்சாங் பூத்தே வண்டி நிற்கும். அதில் நிலக்கடலை, வெள்ளைப் பட்டாணி, முந்திரி, சர்க்கரைக் கடலை என்று தகர டப்பாக்கள் என்றும் மாறாத வரிசையில் இருக்கும். என் பழைய பள்ளித் தாள்களைத்தான் அப்பா கூம்பாகச் சுருட்டுவார். சுருட்டுமுன் என்னை வாசித்துக் காட்டச் சொல்வார். ஒரு மாலை கைக்கு வந்த தாளில், தெருவில் விற்பவர்களுக்கான ஆங்கிலச் சொற்கள் இருந்தன.

“பெட்லர்னா சுமந்துகிட்டு வீடு வீடா விக்கிறவர்ப்பா. ஹாக்கர்னா கூவி விக்கிறவர். வெண்டர்னா ஒரு இடத்துல நின்னு விக்கிறவர்.”

“இதுல நான் எது?” என்று கேட்ட அப்பா, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “சின்ன வயசுல தட்டத் தலையில வச்சு நடந்தேன். அப்புறம் வண்டியத் தள்ளிக்கிட்டுக் கூவினேன். இப்ப நிக்கிறேன். மூணுமே நான்தான்லா!”

“முதலாளி, முதல்ல கடலையக் குடுங்க, படம் போட்டுட்டான்,” என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

அந்தத் தாளை மட்டும் அப்பா சுருட்டாமல் டப்பாக்களுக்கு அடியில் விரித்து வைத்தார்.

பிறகு திரையரங்கை இடித்தார்கள். அப்பா சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலைக்குப் போனார். சீருடை கொடுத்தார்கள், மாதம் தவறாமல் சம்பளமும் வந்தது. அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று அவர் என்னிடம் கேட்கவே இல்லை.