ஒரு மூட்டைக்கு இரண்டு பூட்டு

1. பஸ்ஸில் வந்த யோசனை

இலுப்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது பால் வண்டி ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. காலையில் கறந்த பால் சாயங்காலத்துக்குள் டீயாகிவிடுகிறது. காலையில் தோண்டிய கிழங்கு ஏன் சாயங்காலம் தட்டுக்கு வரக் கூடாது? யோசனை பிடித்துக்கொண்டது. இறங்குவதற்குள் நோட்டில் இரண்டு பக்கம் எழுதிவிட்டேன்.

விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய கம்பெனியில் எனக்கு வேலை. படித்தது உணவுத் தொழில்நுட்பம். வேலைக்கான ஆர்டரில் போட்டிருக்கும் பதவி விற்பனை உதவியாளர். உண்மையில் செய்வது, ஒரு வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி, அந்த வீட்டு அடுப்பிலேயே சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சமைத்துக் காட்டும் டெமோ. எங்கள் பக்கத்தில் அது சீனிக்கிழங்கு. அவித்துத் தோலுரித்துத் தின்பதோடு பலருக்குக் கிழங்கு முடிந்துவிடும். அதில் பொரியலும் பணியாரமும் அடையும் செய்யலாம் என்று காட்டினால் அடுத்த முறை கூடுதலாக வாங்குவார்கள்.

மேனேஜர் சாரிடம் யோசனையை ஒரே மூச்சில் சொன்னேன்.

"மெதுவாம்மா. டீய முழுங்கிக்கிறேன்," என்றார். முழுங்கிவிட்டு, "சரி, யார்ட்ட எடுக்கலாம்?"

"பழனிவேல் அண்ணன்ட்ட சார். சந்தையில அவர் கெழங்குதான் மொதல்ல தீருது."

பழனிவேல் அண்ணனுக்கு நாற்பது வயதிருக்கும். ஒரே வயல், அதில் முழுக்கச் சீனிக்கிழங்கு. எங்கள் கம்பெனியை நம்பி அடுத்த போகத்தில் நடுவதற்கும் கொடி எடுத்து வைத்துவிட்டார். அன்றைக்கே தோண்டி அன்றைக்கே வேண்டும் என்று போனில் சொன்னதும், "எதுக்குத் தங்கச்சி இம்புட்டு அவசரம்? கெழங்கு என்ன ஓடியா போகுது?" என்றார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு அந்தக் கேள்வியையே அவருக்கு எதிரான முதல் சாட்சியாக எழுதிவைத்தேன்.

2. கோட்டைப்பட்டினத்தில் வெல்லம்

முதல் டெமோ கோட்டைப்பட்டினத்தில், நசீமாக்கா வீட்டில். அவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அந்தத் தெருவே வாங்கும். லோடு ஆட்டோவில் மண் ஈரம் காயாத மூட்டையோடு போய் இறங்கினேன். பத்துப் பெண்கள் காத்திருந்தார்கள். நேரம் மிச்சம் பிடிக்கக் குக்கரை ஏற்றினேன். இரண்டு விசில். பாதியை அப்படியே தட்டில் வைத்தேன். மீதியில் கொஞ்சம் தேங்காய்ப்பூ போட்டுப் பொரியல், மிச்சத்தை மசித்துப் பணியார மாவில் கலந்தேன்.

முதல் வாயிலேயே நசீமாக்காவின் முகம் மாறியது.

"ஏம்மா, இதுக்குப் பேரு சீனிக்கெழங்கா?"

"ஆமாக்கா. காலையிலதான் தோண்டினது."

"தோண்டுனது சரி. சீனிய எங்கிட்டுப் போட்டுட்டு வந்தே? ஒங்க கம்பெனியில உறிஞ்சிட்டுச் சக்கைய அனுப்புறாகளோ?"

பெண்கள் சிரித்தார்கள். நானும் ஒரு துண்டு தின்று பார்த்தேன். மாவு மாவாக, தொண்டையில் அடைத்தது. அவசரத்தில் ஒரு தவறு செய்தேன். பையில் இருந்த வெல்லத்தை யாரும் பார்க்காதபடி பணியார மாவில் நுணுக்கிப் போட்டேன். நசீமாக்கா பார்த்துவிட்டார்.

"வெல்லம் நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு அதையே கொண்டா," என்றார்.

திரும்பும் வழி முழுக்க ஒரே நினைப்பு. நல்ல ரகத்தைச் சந்தைக்கு ஒதுக்கிவிட்டு, நமக்குக் கழிசலைத் தள்ளிவிட்டிருக்கிறார் பழனிவேல்.

3. துப்பட்டா

சந்தேகம் வந்தால் சோதிக்க வேண்டும் என்றுதான் படித்திருக்கிறேன். சந்தை நாளில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு இலுப்பூர் சந்தைக்குப் போனேன். பழனிவேல் அண்ணன் விரித்திருந்த சாக்கில் ஒரு கிலோ பொறுக்கினேன். குரலை மாற்ற வேண்டுமே என்று விரலைக் காட்டியே வாங்கினேன். வீட்டில் அதே இரண்டு விசில். இனிப்பென்றால் அப்படி ஒரு இனிப்பு!

எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். திருட்டைக் கண்டுபிடித்த சந்தோஷம். டெமோவில் மிஞ்சிய கிழங்கையும் சந்தைக் கிழங்கையும் போட்டோ எடுத்து, 'ரகம் மாற்றி அனுப்பியது உறுதி' என்று ரிப்போர்ட் எழுதி மேனேஜர் மேஜையில் வைத்தேன்.

"உறுதியா?" என்று கேட்டார்.

"நூறு சதவீதம் சார்."

"அப்ப லிஸ்ட்லேருந்து எடுத்துருவோம். நேர்ல போயிச் சொல்லிட்டு வந்துரலாம்."

வயலில் பழனிவேல் அண்ணன் எல்லாவற்றையும் நின்று கேட்டார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"இந்தச் செருப்புதானே அன்னிக்குச் சந்தையில நின்னுச்சு? பாவம், ஊமைப் புள்ள போலன்னு ரெண்டு கெழங்கு கூடப் போட்டு விட்டேன்."

மேனேஜர் இருமினார். அண்ணன் மண்வெட்டியை எடுத்து, எந்த இடம் என்று என்னையே காட்டச் சொன்னார். காட்டிய இடத்தில் வெட்டினார். என் துணிப்பை நிறையப் போட்டார். "இங்க இருக்கிறது ஒரே கொடி. சந்தைக்கும் இதுதான், ஒங்களுக்கும் இதுதான். லிஸ்ட்டுல வச்சா வைங்க, எடுத்தா எடுங்க. அடுத்த போகத்துக்கு வச்ச கொடிய மட்டும் நான் எங்கிட்டுக் கொண்டு போறது, அதச் சொல்லிட்டுப் போங்க."

அன்று மாலையே இரண்டைக் குக்கரில் அவித்தேன். சப்பென்றுதான் இருந்தது. அப்போதும் என் புத்தி அடங்கவில்லை. அப்படியானால் சந்தைக் கிழங்கை வேறு யாரிடமோ வாங்கி விற்கிறார் என்று முடிவு கட்டினேன். மீதிப் பையை அடுப்படி அலமாரிக்குக் கீழே தள்ளிவிட்டு மறந்துபோனேன்.

4. சிலிண்டர் தீர்ந்த சாயங்காலம்

பதினோரு நாள் கழித்து அம்மா அந்தப் பையை இழுத்து வெளியே போட்டார். "இத என்ன பண்ணப் போறே? மொளைக்கட்டும்னு வச்சிருக்கியா?" கேஸ் தீரும் நிலை. குக்கர் விசில் வருமளவுக்குத் தீ இல்லை. கழுவித் தோலோடு முழுசாக இட்லிப் பானைத் தட்டில் அடுக்கி, சிறு தீயில் விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஈர்க்குச்சியால் குத்தினால் தடையில்லாமல் இறங்கியது. தோல் வெடித்த இடத்தில் பாகு கசிந்து தட்டில் ஒட்டியிருந்தது.

ஒரு வாய் தின்றேன். "அம்மா, சீனி போட்டியா?"

"கெழங்குக்குள்ள எப்படிடி சீனி போடுவாக? ஊசியா போடுறது? பழனிவேல முடிச்சிட்டு இப்ப எங்கிட்ட வந்துட்டியா?"

என் கண் முன்னால், நான் காட்டிய இடத்தில் தோண்டிய அதே கிழங்கு. பழையதாகியிருக்கிறது, அவ்வளவுதான். உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். "சந்தைக்குப் போற கெழங்க எப்பண்ணே தோண்டுவீங்க?"

"ஆள் கெடைக்கிற அன்னிக்கு. கொட்டகையில கெடக்கும். அடுத்த சந்தைக்கோ அதுக்கடுத்த சந்தைக்கோ போகும். ஏன், அதுலயும் எதாச்சும் கண்டுபுடிச்சிட்டியா?"

கண்டுபிடித்திருந்தேன். தோண்டியதும் கிழங்கில் இருப்பது பெரும்பாலும் மாவு. நிழலில் கிடக்கக் கிடக்க அதில் சீனி கூடுகிறது. சமைக்கும்போதும் மெல்லச் சூடேறினால் உள்ளிருக்கும் நொதி மாவைச் சீனியாக்கும். குக்கரில் சட்டென்று சூடேற்றினால் அது வேலையை முடிக்குமுன்பே செயலிழந்துவிடும். மூன்றாம் செமஸ்டரில் இதை எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கியிருக்கிறேன். பாலைப் பார்த்து வந்த யோசனையில் கிழங்கைப் பற்றி நினைக்கவே இல்லை.

5. பூட்டு

ரிப்போர்ட்டைத் திரும்பக் கேட்டேன். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார்.

"அன்னிக்கு நூறு சதவீதம்னே. இன்னிக்கு இல்லேங்கிறே. அவரு எதுவும் பேசி வச்சாரா ஒன்கிட்ட?"

சந்தேகப்படுவது எப்படி இருக்கும் என்று மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. சந்தேகத்துக்கு ஆளாவது அன்றுதான் தெரிந்தது. காது இரண்டும் சூடாகிவிட்டது.

ஆகவே சோதனை. மேனேஜர், அண்ணன், நான் மூன்று பேரும் நின்று ஒரு பாத்தி தோண்டினோம். மூட்டையைத் தைத்து, தையல் மேல் மூவரும் கையெழுத்துப் போட்டோம். காற்றோடும் கொட்டகையில் நிழலில் பத்து நாள். கொட்டகைக் கதவுக்கு அண்ணன் ஒரு பூட்டுப் போட்டார். "அவ ஒண்ணு போடட்டும். இல்லேன்னா அப்பறம் நான் மாத்திட்டேன்னு துப்பட்டாவோட வந்து நிப்பா." நானும் ஒன்று போட்டேன்.

பத்தாம் நாள் நசீமாக்கா வீட்டில் சமையல். அன்று காலை தோண்டிய கிழங்கையும் கொண்டுபோவோம். இரண்டையும் பாதி குக்கரில், பாதி இட்லிப் பானையில். நசீமாக்கா போனில் ஒரே நிபந்தனை போட்டார்: "பையச் சோதிச்சுப் பாத்துத்தான் உள்ள விடுவேன். வெல்லம் கண்டேன், வாசலோட போயிரணும்."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். கிழங்கு இனிக்கவில்லை என்றால் முதலில் எப்போது தோண்டியது, எப்படி வேகவைத்தோம் என்று பாருங்கள். யார் கொடுத்தது என்பது அதற்குப் பிறகு. நான் தலைகீழாகப் போனேன்.

இன்று ஏழாம் நாள். சோதனை முடியட்டும் என்று மேனேஜர் ரிப்போர்ட்டை இழுப்பறையில் வைத்திருக்கிறார். எனக்கு அதுவரை பொறுக்கவில்லை. கிழங்கு இனித்தாலும் இனிக்காவிட்டாலும் பழனிவேல் அண்ணன் ரகம் மாற்றவில்லை. அதை நான் கண்ணால் பார்த்தாயிற்று. 'நான் எழுதியது தவறு' என்று இன்று காலை இன்னொரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதன் நகலைக் கொட்டகை வாசலில் அண்ணனிடம் நீட்டினேன். இரண்டு முறை படித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நீங்களும் கோட்டைப்பட்டினம் வாரீங்கதானேண்ணே?"

"வாரேன். தட்டுல வச்சதும் மொதல்ல நீ தின்னு. ஒன் மூஞ்சியப் பாத்துட்டு நான் திங்கிறேன்," என்றவர், பூட்டுகளை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். என்னுடையதை இரண்டு முறை.